பொன்முகலி ஆறும் என் சகலையின் முதுகும்

சித்தூரிலிருந்து காளாஸ்திரிக்கு ரயில் இருந்தது. காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. எங்களுக்கு என்றால் எனக்கும் என் சகலை தேவசகாயத்துக்கும். மூன்று வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாத நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம்.

அது சாதாரணச் சைக்கிள் இல்லை. மிஷன் துரையும் துரைசானியும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போன இரட்டைச் சைக்கிள். இரண்டு ஆசனம், இரண்டு ஜோடிப் பெடல், சக்கரம் மட்டும் வழக்கம்போல இரண்டே. பின்னால் உட்காருகிறவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி உண்டு; ஆனால் அது திரும்பாது. மணி, பிரேக், திருப்புகிற அதிகாரம் எல்லாம் முன் ஆசனத்துக்கு. பின் ஆசனத்துக்கு மிதிக்கிற கடமை மட்டும். துரை அதை 'டாண்டம்' என்பார். நாங்கள் 'ரெட்ட சைக்கிள்' என்போம்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் காளாஸ்திரிப் பக்கம் போய் எங்கள் மாமனாரிடம் விடைபெற்றுக்கொண்டு வந்தார். மாமனார் அங்கே ஒரு கிராமத்துச் சபையில் நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். துரை கப்பலேறிய வாரத்தில், எங்கள் இருவர் பேரும் போட்டு மாமனாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"துரையவர்கள் தம்முடைய டாண்டத்தை எனக்கு அன்பளிப்பாகத் தந்திருக்கிறார்கள். அதை ரயிலில் ஏற்ற வேண்டாம். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து பொன்முகலி ஆற்றோரமாகவே கொண்டு வாருங்கள். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருங்கள். அவசரப்படுத்த வேண்டாம். மாப்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்."

எழுபது வயசில் இவருக்கு எதற்கு இரட்டைச் சைக்கிள் என்று என் மனைவி கிருபையிடம் கேட்டேன்.

"எங்க நைனா இத்தினி வருஷத்துல உங்கள ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேட்டிருக்காரு. போய்க் குடுத்துட்டு வாங்க," என்றாள். அடுத்த தெருவில் அவளுடைய அக்கா எஸ்தர் தன் புருஷனிடம் இதே வார்த்தைகளைச் சொன்னாளாம். அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் இருவருக்குள்தான்.

குறைக்குக் காரணம் ஒரு பெயர். தேவசகாயத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ஆண் பிள்ளை பிறந்தால் மாமனாருடைய பெயரான சற்குணம் என்பதைத்தான் வைப்பேன் என்று கல்யாணத்தன்றே பந்தலில் சொல்லியிருந்தார். அவருக்குப் பின் கல்யாணமான எனக்கு முதலில் மகன் பிறந்தான். தானியேல் என்று பெயர் வைப்பதாக வீட்டில் முடிவு. ஞானஸ்நானத்தன்று போதகர் குழந்தையைக் கையில் வாங்கி, "பேர் என்ன?" என்று கேட்டார். முன் பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றிற்றோ, "சற்குணம்" என்று சொல்லிவிட்டேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவசகாயம் பாட்டுப் புத்தகத்தை மூடிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அன்றைக்குப் போனவர்தான்.

முதல் நாள் விடியற்காலையில் மிஷன் பங்களா வாசலில் சைக்கிளோடு நின்றோம். முன் ஆசனம் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. மூத்த மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல ஆகிருதி. தடித்த கண்ணாடி. நான் கோர்ட்டில் நகல் எழுதுகிறவன். இரண்டு கை அகலம்கூடத் தேற மாட்டேன். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் உலகம் மறைந்துவிட்டது. எதிரே இருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. பிறகு நான்கு நாள் நான் அதைத்தான் பார்த்தேன்.

பேசாதவர்கள் இரட்டைச் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் தேவசகாயமே ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிளோடு பேச ஆரம்பித்தார்.

"ஏ சைக்கிளே, மேடு வருது. பின்னால உக்காந்துகினு இருக்கிறவங்க மிதிக்கிறாங்களா, இல்ல சும்மா காலை வெச்சிக்கினு வராங்களான்னு கேளு."

நானும் சைக்கிளிடம் பதில் சொன்னேன். "மிதிக்கிறாங்கன்னு சொல்லு சைக்கிளே. முன்னால இருக்கிறவங்க பிரேக்க கொஞ்சம் விட்டா வண்டி போவும்னும் சொல்லு."

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. சொல்ல மறந்தால் சைக்கிளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புதலப்பட்டைத் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக அவர் சட்டென்று பிரேக் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப்போட்டு இறங்கிவிட்டார். நானும் சைக்கிளும் அப்படியே செடிகள் மேல் சாய்ந்தோம். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து பார்த்தாள். என்னை விட்டுவிட்டு அவரிடம் தெலுங்கில் கேட்டாள்: "மூட்டையைச் சரியாகக் கட்டிக்கொண்டு வரக் கூடாதா, ஐயா?"

தேவசகாயம் சிரிக்கவில்லை. ஆனால் அந்த முதுகு கொஞ்ச நேரம் குலுங்கியதைப் பார்த்தேன்.

பாகாலைக்கு அப்பால் ஒரு ஊரில் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம் என்றார்.

"சீட்டு ரெண்டு இருக்குதுங்களே," என்றேன்.

"சீட்டு நாலுகூட வெச்சிக்குவே. சைக்கிள் எத்தினி?"

"ஒண்ணு."

"ஆளு?"

"ரெண்டு."

"அப்போ டபுள்ஸ். எறங்கு."

கணக்கு வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. கணக்கில் பிழை இல்லையே. ஊர் எல்லை வரை ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் நடக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் ஓட்டினார். நான் கடைத்தெரு முழுக்கப் பின்னால் ஓடினேன். எல்லை தாண்டியும் அவர் நிற்கவில்லை. அரை மைல் தள்ளி ஒரு புளியமரத்தடியில்தான் நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் அவர் குரல் கேட்டது: "ஏ சைக்கிளே, பின்னால ஆளு இல்லாமயே வந்தியே, உனக்கு ஒண்ணும் வித்தியாசமே தெரியலியே."

அன்று சாயங்காலம் பனபாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் வீட்டு முன்கூடத்தில் சோறு போட்டு வழிப்போக்கருக்குப் படுக்க இடமும் தந்தாள். சோறு என்றால் கேழ்வரகுக் களி. நடுவில் குழி செய்து கடலைத் துவையலும் புளிச்சகீரைக் கடைசலும் வைத்தாள். சித்தூரில் நாங்களும் களி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்தத் துவையலின் காரம் சித்தூர் ஜில்லா முழுவதற்கும் போதும். உப்பு என்னிடம் இருந்தது. வெங்காயம் அவரிடம் இருந்தது. அந்த அம்மாள் எங்கள் நடுவே நின்று, "உப்பு கேக்கறாரு," "வெங்காயம் வேணுமான்னு கேக்கறாரு," என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்காமல், "ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்றாள்.

"கேக்கும்மா," என்றோம் இருவரும் ஒரே சமயத்தில்.

இரண்டாம் நாள் பொன்முகலியைத் தேடினோம். தெலுங்கில் ஸ்வர்ணமுகி. பேரைக் கேட்டால் பொன்னாய் ஓடும் என்று தோன்றும். ஒரு பெரிய மணல்வெளியின் நடுவில் நின்றுகொண்டு, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவரிடம், "ஆறு எங்கேங்க?" என்று கேட்டேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "நின்னுகினு இருக்கீங்களே," என்றார்.

காவேரிக் கரையில் போனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போகலாம். எங்கள் பக்கத்து ஆறுகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் மாமனார் சொன்னது ஆற்றோரம். கரையில் முள் அடர்ந்திருந்த இடங்களில் மணலிலேயே இறங்கினோம். மேலே இறுகிக் கிடக்கிற மணல் ஐம்பது அடி தாங்கும். பிறகு சக்கரம் பாதி உள்ளே போய்விடும். அப்படிப் போன ஓரிடத்தில் தேவசகாயம் ஹாண்டில்பாருக்கு மேலாக முன்னால் போய் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் காணோம்.

இருவரும் நாலு காலில் தவழ்ந்து மணலைத் துழாவினோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கண்டுபிடித்தவன் நான்தான், முழங்காலால். நொறுங்கிய சத்தம் அவருக்கும் கேட்டது. ஒரு சில்லு பொடியாகிவிட்டது, மற்றொன்று கழன்று எங்கோ மணலுக்குள் போய்விட்டது. வெறும் சட்டத்தை எடுத்து முன் ஆசனத்தில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால்கூட நல்லது என்றிருந்தது. அவர் அந்த வெறும் சட்டத்தை எடுத்து, துண்டால் துடைத்து, மூக்கின் மேல் மாட்டிக்கொண்டு, முன் ஆசனத்திலேயே ஏறி உட்கார்ந்தார்.

"சைக்கிளே, ரோடு நல்லா அகலமாதான் இருக்குது. பயப்படாதே," என்றார்.

நாங்கள் அப்போது நின்றது ஒற்றையடிப் பாதை.

சந்திரகிரிக் கோட்டைப் பக்கமாக, இரண்டு முள்வேலி, ஒரு வைக்கோல் வண்டி, ஒரு கிணற்றுக் கைப்பிடிச் சுவர் எல்லாவற்றோடும் பழகிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். ஊர் கொள்ளாத ஜனம். மலைக்குப் போகிறவர்கள், மொட்டையும் சந்தனமுமாக இறங்கி வந்தவர்கள். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள். விஜயபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் சைக்கிளைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா வேண்டுதல் சாமி? ரெண்டு பேரும் ஒண்ணா மிதிச்சிக்கினே வரணும்னா?" என்று கேட்டார்.

"மாமனார் வேண்டுதல்," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் மாமனார் இருந்திருக்க வேண்டும்.

இருவருக்கும் பசி. சைக்கிளை விட்டுவிட்டுப் போக முடியாது; கூட்டம் மணியை அடித்துக்கொண்டே இருந்தது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவசகாயம் காபிக் கடை தேடிக் குளத்துப் பக்கம் போனார். மரத்தடியில் ஒரு பெஞ்சியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தது வெறும் சட்டத்தின் வழியாக அவருக்குக் காபிக் கடை பெஞ்சியாகத் தெரிந்திருக்கிறது. அவரும் போய் உட்கார்ந்தார். அது நாவிதர்களின் பெஞ்சி. ஒருவர் செம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றித் தேய்த்தார்.

இருபது அடி தூரத்தில் நான் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் வந்தவருக்கு இந்த ஊரில் தலையை நனைத்துத்தான் காபி கொடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார். நான் "அண்ணே!" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். வாய் வரை வந்தது. மூன்று வருஷமாக அவர் அல்லவா பேசவில்லை, நான் ஏன் முதலில் என்று தோன்றிற்று. "சைக்கிளே, அங்க இன்னா நடக்குதுன்னு பாரு," என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

கத்தி நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரே இழுப்பாகப் போயிற்று. மடியில் முடி விழுந்ததும்தான் அவர் அலறிக்கொண்டு எழுந்தார். நாவிதர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பாதியில எழுந்து போனா பாக்கறவங்க உங்கள சிரிக்க மாட்டாங்க ஐயா, என் கைய சிரிப்பாங்க. உக்காருங்க."

அதிலும் நியாயம் இருந்தது. சபையில் மூப்பர், ஞாயிறு பள்ளித் தலைவர், உபதேசியாரின் மூத்த மாப்பிள்ளை, மொழுமொழுவென்ற தலையோடு என்னிடம் வந்தார். தலை வேறு, அந்த வெறும் கண்ணாடிச் சட்டம் வேறு. மலையிறங்கி வந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வேறொன்று வந்தது. அதை அடக்க முடியவில்லை. ஓடிப்போய்ச் சுடச்சுடப் பொங்கலும் வடையும் வாங்கிவந்து அவர் கையில் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. பொட்டலத்தை என் ஆசனத்தின் மேல் வைத்துவிட்டுச் சத்திரத்துக்கு வழி கேட்கப் போனார். போன வழி தப்பு. அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில், இனி பார்த்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். மானம் போனால் போகட்டும். கண் தெரியாத மனிதரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு எத்தனை நாள் சைக்கிளோடு பேசுவது? அவருடைய தோளுக்கு வெளியே தலையை நீட்டினால் பாதை கொஞ்சம் தெரிந்தது. தலையை நீட்டிக்கொண்டே வந்தேன். ரேணிகுண்டா தாண்டி ஆற்றங்கரை வண்டித்தடத்தில் நல்ல இறக்கம். சைக்கிள் தானாகவே ஓடிற்று. கீழே, தடத்தின் குறுக்கே, அசையாமல் ஒன்று நின்றது.

"எருமை!" என்று கத்தினேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் என் சகலையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் பிரேக் பிடிக்கவில்லை. முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "யார்ரா எருமை?" என்றார்.

"ஐயோ, எருமை அண்ணே, எருமை!"

"ரெண்டு தரம் சொல்றியா?"

அதற்குள் போய் முட்டினோம். எருமை நகரவில்லை. நாங்கள்தான் இரண்டு பக்கமும் போனோம். அவர் சேற்றில், நான் கோரைப்புல்லில். எழுந்து வந்து எருமையைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு நான் சொன்னது புரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை.

"இத சொல்ல வாய் இருக்குது. நேத்து எங்க போச்சி உன் வாய்? பாத்துக்கினு நின்னியா இல்லியா? சொல்லு. பாத்துக்கினுதான நின்னே?"

"நின்னேன்."

"ஏன்?"

"நீங்க பேச மாட்டீங்கறீங்க."

எருமைக்குச் சொந்தக்காரி தடியோடு வந்து சேர்ந்தாள். மங்கம்மா என்று பேர் சொன்னாள். எருமைக்குக் காயம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள் ஆற்றங்கரையில் கத்திக்கொள்வதைக் கேட்பதற்குச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தமிழும் அவள் தெலுங்கும் கலந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டதும், "ஒரு பேருக்கா?" என்றாள். "எங்கள் ஊரில் முனுசாமி மட்டும் ஏழு பேர். எருமைக்குக்கூட முனியம்மா என்றுதான் பேர். எல்லாரும் ஒரே குளத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம்."

தேவசகாயம் அவளைப் பார்த்துத் திரும்பினார். அவருக்கு அவள் ஒரு நிறமாகத்தான் தெரிந்திருப்பாள்.

"பேருக்கா நான் அழறேன்? ஊருல எத்தினி சற்குணம் வேணும்னா இருக்கட்டும். இவன் மனசுல இன்னா நெனச்சான்? இந்த ஆளுக்குப் புள்ள எங்க பொறக்கப் போவுது, இவருக்கு எதுக்குப் பேருன்னுதான நெனச்சான்? அத கோயில்ல, எல்லாரும் பாக்க, எம் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துகினு இருக்கையில சொன்னான்."

அப்படி நினைக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்ன நினைத்தேன் என்பதே எனக்குத் தெரியாதபோது எதை நினைக்கவில்லை என்று சொல்வது? மங்கம்மா எருமையை அங்கேயே நிறுத்திவைத்துப் பால் கறந்து இருவருக்கும் ஒரே சொம்பில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மீதியை என் பக்கம் நீட்டினார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நீட்டினார்.

அதற்குமேல் சைக்கிளோடு யாரும் பேசவில்லை. "இடது." "வலது." "பள்ளம்." "நில்லு." என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவ்வளவுதான்; அவர் ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார். முன் ஆசனத்தை மட்டும் விடவில்லை. ஏர்ப்பேட்டில் ஒரு பழைய மாணவன் வீட்டில் இரவு தங்கினோம். அந்த வீட்டுக்காரர் வாத்தியாரின் தலையைப் பார்த்துவிட்டு, "ஐயா வீட்டுல ஏதாவது துக்கமா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். "இல்ல, காபிக்குப் போனாரு," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

நான்காம் நாள் மேற்கே மலையில் மழை. எங்கள் தலைமேல் ஒரு துளி இல்லை. ஆனால் மாமனார் ஊருக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டிய இடத்தில், மூன்று நாளாக நாங்கள் தேடிய தண்ணீர் செந்நிறமாக, நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. முழங்கால் ஆழம்தான். சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டோம். நீளமான சைக்கிள். முன் சக்கரத்தின் பக்கம் அவர், பின் சக்கரத்தின் பக்கம் நான். நடு ஆற்றில் தண்ணீர் இழுப்பு பலமாயிற்று. அவர் நின்றுவிட்டார்.

"தம்பி, எனக்குக் கரை தெரியல," என்றார்.

"நேரா போங்க அண்ணே. நான் இருக்கேன். நேரா."

அவர் என்னைத் தம்பி என்றதை அக்கரை ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

மாமனார் வீட்டு வாசலில் சபை முழுக்கக் கூடியிருந்தது. புதுக் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே வைக்கோல் பரப்பி, புதுக் கயிறு கட்டி, தொட்டியில் தவிடு கரைத்து வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் சொம்பும் தூக்குமாக நின்றார்கள். மாமனார் கையில் சின்னப் பித்தளை மணி. எங்களை ஆசீர்வதித்துவிட்டு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டாண்டம் எங்க?"

"இதான் மாமா," என்றேன் சைக்கிளைக் காட்டி.

"இது சைக்கிள்."

"ஆமா மாமா. டாண்டம்னா இதான்."

மாமனார் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "அப்போ துரை வீட்டுச் செவலப் பசு?"

"அது பேரு ரோஸி, மாமா. அத யாரோ கோலார்காரரு புடிச்சிக்கினு போயிட்டாரு."

துரை விடைபெற வந்த அன்று, "என் டாண்டத்தை உங்களுக்குத் தருகிறேன்," என்றாராம். என்ன என்று கேட்பது மரியாதை இல்லை என்று மாமனார் தலையை ஆட்டிவிட்டார். பிறகு யோசித்துப் பார்த்ததில், துரையிடம் இருந்தவற்றுள் தமக்குப் பேர் தெரியாதது பசு ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருக்கிறார். ஆற்றோரம் மேய்ச்சல் இருக்கும், ரயிலில் மிரளும், முன்னால் ஒருவர் கயிறு பிடிக்கவும் பின்னால் ஒருவர் ஓட்டவும் வேண்டும். கடிதத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

பெண்கள் சொம்புகளோடு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாமனார் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மூத்த மாப்பிள்ளை தலையிலிருந்த துண்டு நழுவிற்று.

"உனக்கு இன்னா ஆச்சி?" என்றார் மாமனார். திரும்பிப் போன பெண்கள் நின்றார்கள்.

தேவசகாயம் தலையைத் தொட்டுக்கொண்டார். "வெயிலு மாமா," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"வெயிலு இல்ல மாமா," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கண்ணாடியை நான் உடைத்ததையும், கத்தி வைத்தபோது இருபது அடி தூரத்தில் நின்று வாய் திறக்காததையும் சொன்னேன். "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. எம்மேலதான்."

மாமனார் எழுந்து, சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் புதுக் கயிற்றால் கட்டினார். "வந்தது வந்திச்சி. வாங்க, கை கால் கழுவிக்கினு துன்னுங்க," என்றார். அன்று கோழிக்குழம்பு. நாலு நாளில் தேவசகாயம் வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ரயிலில் திரும்பினோம். மூன்றாம் வகுப்பில் எதிரெதிர்ப் பெஞ்சி. வண்டி காளாஸ்திரியை விட்டதும் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நான்கு நாள் முதுகைப் பார்த்தே பழகிய எனக்கு அந்த முகம், கண்ணாடியும் முடியும் இல்லாத அந்தப் பெரிய முகம், ஒரு அடி தூரத்தில் இருந்தது. மூன்று தரம் ஆரம்பித்தேன். மூன்று தரமும் "அண்ணே" என்பதோடு நின்றுவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, என் பக்கம் வந்து உட்கார்ந்து, ஜன்னலை நோக்கித் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினார்.

"இப்ப சொல்லு," என்றார்.

வண்டி ஏர்ப்பேட்டுக்கு வரும்போது ஆரம்பித்தேன். பந்தலில் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது என்று சொன்னேன். நினைவிருந்தும் அந்தப் பேரை வைத்தேன் என்று சொன்னேன். மாமனார் ஒரு தரம் என்னைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும் என்ற ஆசைக்காக, எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்று சொன்னேன். மறுநாளே வந்திருக்க வேண்டும், அடுத்த தெருதான், மூன்று வருஷமாக வரவில்லை என்று சொன்னேன். முதுகு அசையவில்லை. ரேணிகுண்டா வரும்போது எனக்குச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை.

வண்டி நின்று, ஜனங்கள் ஏறி இறங்கி, மறுபடி நகர்ந்த பிறகு அவர் திரும்பாமலே கேட்டார்.

"உன் சற்குணம் இப்ப நல்லா பேசறானா?"

"ஓயாம பேசறான் அண்ணே," என்றேன்.